வெள்ளையணுக்கள் திரும்பும் காலம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவரின் மகளுக்கு ஐந்து வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டது. இரண்டரை ஆண்டுகள் மருத்துவம் நடந்தது. ஒரு மாசி மாதத்தில், மருந்துகள் முடிந்துவிட்டன, இனிக் குறித்த நாட்களில் வந்து இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள். ஊரில் அம்மன் கொடை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையை அழைத்துச்சென்று சந்நிதியில் நிறுத்தவேண்டும் என்பது அவளுடைய ஆச்சியின் நேர்த்தி.

ஆனால் மருத்துவர் ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. வாரத்தில் மூன்று நாட்கள், இன்னும் ஆறு மாதம் கொடுக்கவேண்டும் என்றார். கூட்டத்துக்கு அழைத்துப்போகக் கூடாது, அம்மை கண்ட வீட்டுப்பக்கம் விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும், கைக்குழந்தையில் போட்ட தடுப்பூசிகளில் சிலவற்றை மறுபடியும் போடவேண்டியிருக்கும் என்றும் சொல்லியனுப்பினார். ஆச்சிக்கு இது விளங்கவில்லை. "சீக்கு போயிட்டுன்னா மாத்திரை எதுக்குல? போகலேன்னா பொங்கல் எதுக்கு வச்சோம்?" என்று மகனைக் கேட்டார். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்ற எண்ணத்தோடு நண்பர் என்னிடம் வந்தார். "நீங்க எதையும் தேடிப் படிக்கிறவரு சார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

நான் தமிழ் படித்தவன். மருத்துவம் என் துறையன்று. எதையும் நிறுத்தவேண்டாம், ஐயத்தை மருத்துவரிடமே கேளுங்கள் என்று மட்டும் அன்று சொன்னேன். ஆயினும் ஆச்சியின் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடிப் படித்தபோது, புற்றுநோய் மருத்துவத்தின் வரலாற்றை நாம் பாதிதான் சொல்லிவருகிறோம் என்று தோன்றியது. நோயணுக்களை எப்படிக் கொன்றார்கள் என்பது அந்தப் பாதி. அவற்றோடு அழிந்த நல்ல அணுக்கள் எப்படித் திரும்பி வருகின்றன, அவை வரும்வரை குழந்தையை எப்படிக் காத்தார்கள் என்பது மறுபாதி. இக்கட்டுரை அந்த மறுபாதியைப் பற்றியது.

1. வெள்ளை இரத்தம்

1845ஆம் ஆண்டில் பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோ என்ற இளம் மருத்துவரும், எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே வகை நோயை விவரித்து எழுதினர். இறந்தவரின் இரத்தத்தில் நிறமற்ற அணுக்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருந்தன. விர்ஷோ அதற்கு இட்ட பெயர் 'வெள்ளை இரத்தம்' என்பதே. பின்பு 1847இல் அதே பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'லுக்கேமியா' என்றார். உலகெங்கும் இன்று வழங்கும் பெயர் அதுதான்.

அக்காலத்தில் வெள்ளையணுக்களின் வேலை இன்னதென்று தெளிவாகத் தெரியாது. 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளம் பருவத்து உயிரியின் உடலில் ஒரு முள்ளைக் குத்தி வைத்துவிட்டு மறுநாள் பார்த்த மெச்னிகாஃப், அலையும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்திருப்பதைக் கண்டார். உடலுக்குள் புகும் அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் அணுக்கள் உண்டு என்ற கொள்கை அங்கிருந்து பிறந்தது. சாயங்களைக் கொண்டு வெள்ளையணுக்களை வகைபிரித்தவர் பால் எர்லிக். 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் லுக்கேமியாவில், முதிர்ச்சியடையாத நிணநீரணுக்கள் எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொண்டு பெருகுகின்றன. அதனால் வெள்ளையணு எண்ணிக்கை பல வேளைகளில் ஏறித் தெரிந்தாலும், வேலை செய்யும் வெள்ளையணுக்கள் குறைந்துபோகின்றன. மருந்து கொடுப்பதற்கு முன்பே குழந்தையின் காப்பு குலைந்துவிடுகிறது என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

2. சென்னையில் படித்த ஒருவர்

இந்நோய்க்கு முதன்முதலில் ஓரளவேனும் பயன்தந்த மருந்தின் வரலாறு இந்தியாவோடு இருமுறை தொடர்புடையது. 1928 முதல் பம்பாயில் ஆய்வு செய்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கருவுற்ற பெண்களுக்கு வரும் ஒருவகைச் சோகையைக் குணப்படுத்தும் பொருள் ஈஸ்ட்டில் இருப்பதைக் கண்டார். ஃபோலிக் அமிலம் என்று பின்னர் அறியப்பட்டது அதுவே. அணுக்கள் பெருகவேண்டுமானால் அது தேவை.

மற்றொருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாகத் தரம் குறைந்த சான்றிதழே பெற்றார் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் தவறாது குறிப்பிடும் செய்தி. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் கற்பித்துவிட்டு அமெரிக்கா சென்றார். அங்கு லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு 1940களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. தம் உடன்பிறந்தாரை ஸ்ப்ரூ எனும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்நோய்க்கு மருந்தாக அமைந்ததும் ஃபோலிக் அமிலமே.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்கூற்றியல் வல்லுநர் சிட்னி ஃபார்பர், லுக்கேமியா கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தின் உறவுப்பொருள்களைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் விரைந்து பெருகுவதாகத் தோன்றிற்று. அப்படியானால் அதற்கு எதிரான பொருளைக் கொடுத்தால் நோய் தளரவேண்டுமல்லவா? ஃபோலிக் அமிலத்தைப் போலத் தோற்றம் கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்தே வந்தது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில், கடும் நோயுற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்ததாகச் சொன்னார். முன்னேற்றம் சில மாதங்களே நீடித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் இடத்தை அதன் நெருங்கிய உறவான மெத்தோடிரெக்சேட் பிடித்தது. அது இன்றும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

பெருகும் அணுக்களுக்கு ஃபோலிக் அமிலம் வேண்டும் என்றால், மஜ்ஜையில் இடையறாது பெருகும் நல்ல அணுக்களுக்கும் அது வேண்டும். நோயணுவைப் பட்டினி போடும் மருந்து நல்ல அணுவையும் பட்டினி போடுகிறது. நல்லணுக்கள் குறைவது மருந்தின் தற்செயலான பக்கவிளைவன்று. மருந்து வேலை செய்யும் முறையிலேயே அந்த இழப்பு அடங்கியிருக்கிறது.

3. ஒரே மருந்து, இரண்டு பயன்கள்

இதை மேலும் தெளிவாகக் காட்டுவது மெர்காப்டோப்யூரின் என்ற மருந்தின் கதை. பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸுடன் பணியாற்றிய கெர்ட்ரூட் எலியான் இதனை உருவாக்கினார். 1953இல் இது லுக்கேமியா மருந்தாக ஏற்கப்பட்டது. எலியான் முனைவர் பட்டம் பெறாதவர். பெண் என்பதாலேயே தொடக்கத்தில் ஆய்வகங்கள் அவருக்கு வேலைதரத் தயங்கின.

1959இல் பாஸ்டனில் ராபர்ட் ஷ்வார்ட்ஸும் வில்லியம் டேமெஷெக்கும் இம்மருந்தை முயல்களுக்குக் கொடுத்து, உடன் அந்நியப் புரதம் ஒன்றையும் செலுத்தினர். வழக்கமாக அப்புரதத்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கும். இம்முயல்களோ வாளாவிருந்தன. உடலின் எதிர்ப்பை அடக்க வல்லது இம்மருந்து என்பது புலப்பட்டது. சிறுநீரக மாற்று அறுவையில் ஈடுபட்டோர் இதைப் பற்றிக்கொண்டனர். மெர்காப்டோப்யூரினிலிருந்து எலியானின் குழு உருவாக்கிய அசத்தயோப்ரின், 1960களில் பிறர் தந்த சிறுநீரகத்தை உடல் ஏற்றுக்கொள்ள வழிசெய்தது.

நூலக நண்பரின் மகள் ஒவ்வோர் இரவும் விழுங்கிய மாத்திரை இந்த மெர்காப்டோப்யூரின்தான். சிறுநீரகம் மாற்றியவர்கள் எதிர்ப்பாற்றலை வேண்டுமென்றே அடக்கிக்கொள்ள உட்கொண்ட மருந்தின் தாய்ப்பொருளை, அவள் நோய் ஒழிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உட்கொண்டிருக்கிறாள். கடைசி மாத்திரையை விழுங்கிய மறுநாளே அவள் உடல் பிற குழந்தைகளின் உடலைப்போல் ஆகிவிடும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

4. எண்ணத் தொடங்கியபோது

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரீரைக், எமில் ஃப்ரை முதலியோர் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் துணிவான முறையைக் கையாண்டனர். அவற்றுள் ஒன்று வின்கிரிஸ்டின். நம் ஊர்களில் சுடுகாட்டோரத்திலும் வீட்டு முற்றத்திலும் தானாகப் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது அது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி தென்தமிழகத்தின் வறண்ட நிலங்களில் மருந்துக்காகவே பயிரிடப்படுகிறது. மற்ற மருந்துகளை நோக்க, வின்கிரிஸ்டின் எலும்பு மஜ்ஜையை அவ்வளவாக வருத்துவதில்லை. நோயணுக்களை ஒருபுறம் அழித்துக்கொண்டே மறுபுறம் நல்லணுக்கள் தலையெடுக்க இடம்விடும் இப்பண்பினால்தான் கூட்டு மருத்துவம் இயன்றது.

ஆயினும் குழந்தைகள் இரத்தப்போக்கினாலும் தொற்றினாலும் இறந்துகொண்டிருந்தனர். இரத்தத் தட்டணுக்களை ஏற்றி இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த வழி கண்டவர்களுள் ஃப்ரீரைக் முதன்மையானவர். தொற்றைப் பற்றி 1966இல் அவரும் ஜெரால்ட் போடி முதலியோரும் வெளியிட்ட ஆய்வு, இன்றுவரை ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும் பின்பற்றப்படும் ஒரு கணக்கைத் தந்தது. வெள்ளையணுக்களுள் நியூட்ரோபில் என்ற வகை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1000க்குக் கீழே இறங்கும்போது தொற்று மிகத் தொடங்குகிறது. 100க்குக் கீழே மிகக் கடுமையாகிறது. எத்தனை நாள் கீழே கிடக்கிறதோ அத்தனைக்கு ஆபத்து வளர்கிறது.

1971இல் ஸ்டீபன் ஷிம்ப் என்பவரும் குழுவினரும் மற்றொரு படி முன்னேறினர். நியூட்ரோபில் குறைந்த நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால், எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திராமல் உடனே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்கவேண்டும் என்று காட்டினர். சீழ் பிடிப்பதற்குக்கூட வெள்ளையணு வேண்டும். அது இல்லாத உடலில் தொற்றின் ஒரே அடையாளம் காய்ச்சலாகவே இருக்கலாம். மருத்துவர்கள் காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் பதறுவதன் காரணம் இதுவே. பின்பு நியூட்ரோபில் உற்பத்தியைத் தூண்டும் புரதம் கண்டறியப்பட்டு, 1991இல் அமெரிக்காவில் ஊசி மருந்தாக வந்தது. மெல்போர்னில் டொனால்ட் மெட்காஃப் மஜ்ஜை அணுக்களைத் தட்டில் வளர்த்துப் பல்லாண்டு செய்த ஆய்வு அதற்கு அடிப்படை.

5. நோயின்றி இறந்தவர்கள்

1962 பிப்ரவரியில் மெம்ஃபிஸ் நகரில் புனித ஜூட் குழந்தைகள் ஆய்வு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கல், லுக்கேமியாவைத் தணிப்பது மட்டுமன்று, முழுமையாகக் குணப்படுத்துவதே குறிக்கோள் என்றார். அன்றைய மருத்துவ உலகில் பலர் இதை வீண் கனவு என்றே கருதினர். 1967இல் தொடங்கிய அவரது ஐந்தாம் திட்டத்தில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் நெடுங்காலம் நோயின்றி வாழ்ந்தனர்.

ஆனால் அங்கு ஒரு கொடுமையும் தெரியவந்தது. 1972இல் ஜோசப் சைமோனும் உடன்பணியாற்றியோரும், நோய் தணிந்திருந்த நிலையில் நேர்ந்த மரணங்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினர். மஜ்ஜையில் புற்றணு தென்படாத குழந்தைகள், பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விட்ட பிறகு, தொற்றினால் இறந்தார்கள். நோய் அவர்களைக் கொல்லவில்லை. நோய்க்கும் நலத்துக்கும் இடையிலிருந்த காலமே கொன்றது.

இத்தொற்றுக்களுள் கொடியது நியூமோசிஸ்டிஸ் என்ற கிருமியால் வரும் நுரையீரல் அழற்சி. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஐரோப்பாவில், சத்துணவின்றி நலிந்த கைக்குழந்தைகளை இது கூட்டங்கூட்டமாகத் தாக்கியிருக்கிறது. 1952இல் செக் நாட்டு ஆய்வாளர்களான வானெக்கும் யீரோவெட்சும் கிருமிக்கும் நோய்க்குமுள்ள தொடர்பைக் காட்டினர். நலமுள்ளவர் உடலில் இது தங்கினாலும் தீங்கு செய்வதில்லை. நிணநீரணுக்களுள் 'டி' வகை குறைந்த உடலில்தான் மூச்சை அடைக்கிறது. நியூட்ரோபில் எண்ணிக்கை நன்றாக இருக்கும்போதும் இது வரலாம். போடியின் கணக்கு மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

புனித ஜூட் மருத்துவமனையின் வால்டர் ஹியூஸ், விலை மலிந்த, பழகிய மாத்திரை ஒன்றை இதற்கெதிராகச் சோதித்தார். டிரைமெத்தோப்ரிமும் சல்ஃபாமெத்தாக்சசோலும் சேர்ந்த கலவை அது. நம் மருந்துக்கடைகளில் கோட்ரைமாக்சசோல் என்று கிடைப்பது. 1977இல் முடிவுகள் வெளிவந்தன. வெறும் மாத்திரை பெற்ற 80 பேரில் 17 பேருக்கு இந்நோய் வந்தது. மருந்து பெற்ற 80 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வாரத்தில் மூன்று நாட்கள் கொடுத்தாலே போதும் என்பதை 1987இல் அவரே நிறுவினார்.

மருத்துவர் நிறுத்த மறுத்த மாத்திரை இதுதான். ஆச்சியின் முதற்கேள்விக்கான விடையும் இதுவே. அது புற்றுநோய்க்கான மாத்திரையன்று. காவலர் திரும்பி வரும்வரை வாயிலில் நிற்பது.

6. அம்மை

சின்னம்மை சாதாரணப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் துன்பம். வேப்பிலையும் இளநீரும் ஓய்வுமாகக் கழிந்துபோகும். மருத்துவத்திலிருக்கும் லுக்கேமியாக் குழந்தைக்கோ அது நுரையீரலையும் ஈரலையும் மூளையையும் தாக்கி உயிரையே பறிக்கக்கூடியது. 1960களில் இத்தகைய மரணங்கள் நேர்ந்தன.

ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியாகி தக்காஹாஷி அமெரிக்காவில் இருந்தபோது, 1964இல் அவர் மகனுக்குச் சின்னம்மை கடுமையாகக் கண்டது. நாடு திரும்பி அவர் வலிகுன்றிய வைரஸைக் கொண்டு தடுப்பூசி உருவாக்கி 1974இல் வெளியிட்டார். தொடக்க காலத்தில் இத்தடுப்பூசி சோதிக்கப்பட்டவர்களுள் நோய் தணிந்திருந்த லுக்கேமியாக் குழந்தைகளும் அடங்குவர். யாருக்கு அது மிகத் தேவையோ அவர்களுக்கே அது மிக ஆபத்தாகவும் கூடும் என்ற இக்கட்டை அன்றைய மருத்துவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு கடந்தனர். உயிருள்ள வைரஸ் அடங்கிய தடுப்பூசிகளை மருத்துவம் முடிந்து எதிர்ப்பாற்றல் தேறிய பின்னரே போடவேண்டும் என்பது இன்றைய பொதுவிதி.

அம்மை கண்டபின் கொடுக்கத்தக்க மருந்து அசைக்ளோவிர். அது வந்ததும் எலியானின் ஆய்வுக்குழுவிலிருந்தே; 1982 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. குழந்தையின் எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும் மருந்தை உருவாக்கிய கையே, அவ்வாறு தாழ்ந்த வேளையில் வரும் அம்மைக்கும் மருந்து தந்தது. 1988இல் ஹிட்சிங்ஸுடனும் ஜேம்ஸ் பிளாக்குடனும் எலியான் நோபல் பரிசு பெற்றார்.

7. மார்பெலும்பின் பின்னே

'டி' அணுக்கள் எங்கிருந்து வருகின்றன? மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பருத்திருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடுவது. பயனற்ற எச்சம் என்றே நெடுங்காலம் அதைக் கருதினர். 1961இல் இலண்டனில் ஜாக் மில்லர் என்ற இளம் ஆய்வாளர், எலிகளுக்கு வரும் லுக்கேமியாவை ஆராயும்போது, பிறந்தவுடன் தைமஸை அகற்றிய எலிகள் நலிந்து தொற்றுக்களால் மடிவதைக் கண்டார். அவற்றின் நிணநீரணுக்கள் குறைந்திருந்தன. பிற எலியின் தோலைக்கூட அவை ஏற்றுக்கொண்டன. நிணநீரணுக்களின் பயிற்சிக்கூடம் தைமஸ் என்பது அவ்வாறு தெரியவந்தது. நிணநீரணுக்களில் இருவகை உண்டு என்பதும், எதிர்ப்பொருளை உண்டாக்கும் 'பி' வகை மஜ்ஜையிலேயே உருவாகிறது என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயின. லுக்கேமியா ஆராய்ச்சியே எதிர்ப்பாற்றலின் இந்த அடிப்படைப் பாடத்தையும் தந்தது.

கடும் மருத்துவத்துக்குப் பின் இழந்த 'டி' அணுக்கள் எவ்வாறு மீள்கின்றன என்பதை 1995இல் கிரிஸ்டல் மக்காலும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தாரும் விளக்கினர். ஒன்று முதல் 24 வயதுவரையிலான 15 நோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தனர். மருத்துவம் முடிந்து ஆறு மாதம் கழித்து, வயது குறைந்தவர்க்கு உதவி 'டி' அணுக்கள் மிகுதியாகவும், வயது கூடியவர்க்குக் குறைவாகவும் இருந்தன. நன்றாக மீண்டவர்களின் தைமஸ், படத்தில் பார்த்தபோது முன்னிலும் பருத்திருந்தது. மருந்தால் சுருங்கிய சுரப்பி மீண்டும் வளர்ந்து, இதுவரை எந்தக் கிருமியையும் சந்தித்திராத புதிய அணுக்களை அனுப்பத் தொடங்கியிருந்தது. வளர்ந்தோர்க்கு இவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. எஞ்சிய பழைய அணுக்களே பெருகி இடத்தை நிரப்புகின்றன. அவற்றுக்குப் பழைய எதிரிகளை மட்டுமே அடையாளம் தெரியும்.

இவ்வாறு மீண்டும் பருக்கும் தைமஸ், மார்புப் படத்தில் ஒரு கட்டிபோலத் தோன்றும். புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று அஞ்ச வைப்பதும் உண்டு. உண்மையில் பல வேளைகளில் அது நலத்தின் அடையாளம்.

8. திரும்பும் வரிசை

எல்லா அணுக்களும் ஒரே நாளில் திரும்புவதில்லை. ஒவ்வொரு சுற்று மருந்துக்குப் பின்னும் நியூட்ரோபில்கள் பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் மீள்கின்றன. மருத்துவம் முழுதும் முடிந்தபின், 'பி' அணுக்களின் எண்ணிக்கை சில மாதங்களில் தேறுகிறது. 'டி' அணுக்களுக்கு, குறிப்பாக உதவி வகைக்கு, ஆறு மாதம் முதல் ஓராண்டோ அதற்கு மேலுமோ ஆகலாம். மருந்தின் கடுமையைப் பொறுத்தும் வயதைப் பொறுத்தும் இது மாறும். ஆகவே இரத்தப் பரிசோதனைத் தாளில் வெள்ளையணு மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதைக் கொண்டு காவல் முழுமையாகிவிட்டது எனக் கொள்ளக்கூடாது.

எண்ணிக்கை திரும்பினாலும் நினைவு திரும்புவதில்லை என்பது மற்றொரு செய்தி. முன்பு போட்ட தடுப்பூசி ஒவ்வொன்றும் உடலில் ஒரு நினைவை விட்டுச்செல்கிறது. அந்நினைவைத் தாங்கும் அணுக்களுள் ஒரு பகுதி மருந்தால் அழிந்துவிடுகிறது. அதனால் தட்டம்மை முதலியவற்றுக்கு எதிராகக் குழந்தை பெற்றிருந்த காப்பு குறைந்தோ மறைந்தோ போகலாம். மருத்துவம் முடிந்து மூன்று முதல் ஆறு மாதங்களுக்குப் பின் தடுப்பூசிகளை மறுபடி போடும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது. கற்றுத் தேர்ந்த பாடத்தை முதலிலிருந்து மீண்டும் கற்பிப்பது போன்றது அது. குழந்தைகள் விரைவில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள் என்பதே ஆறுதல். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகள் தத்தம் தடுப்பூசிகளை, மருத்துவர் சொற்படி, தவறாது போட்டுக்கொள்வதும் ஒரு வேலியாகும்.

9. நம் நிலத்தில்

1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. 2021இல் காலமான மருத்துவர் வி. சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே செலவிட்டார். 1984 முதல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் துணையோடு வகுக்கப்பட்ட எம்சிபி 841 என்ற மருத்துவத் திட்டம் சென்னை, மும்பை, தில்லி ஆகிய மூன்று இடங்களிலும் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டது. இந்தியக் குழந்தைகளின் லுக்கேமியா மருத்துவத்தில் அது ஒரு திருப்பம்.

மேலைநாட்டு மருந்துமுறையை அப்படியே கொண்டுவந்து இங்கே கொடுப்பது எளிதன்று என்பதை அத்தகைய முயற்சிகளில் ஈடுபட்டோர் விரைவில் கண்டனர். சத்துக்குறைவோடு வரும் குழந்தை, நெருக்கமான வீடு, தண்ணீரால் வரும் நோய்கள், மருத்துவமனைக்கு எட்டு மணிநேரப் பேருந்துப் பயணம் ஆகியவை சேரும்போது, வெள்ளையணு இல்லாத ஒரு வாரம் அங்கிருப்பதைவிட இங்கே பன்மடங்கு நெடியது. மெம்ஃபிஸ் மருத்துவமனை 2009இல் வெளியிட்ட பதினைந்தாம் திட்டத்தின் முடிவில், ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 93.5 விழுக்காடு. மருந்துகளுள் பெரும்பாலானவை பழையவையே. அவற்றை நுட்பமாக அளந்து கொடுத்ததும், மருந்தின் இடைக்காலங்களில் குழந்தையைக் காத்ததுமே அந்த எண்ணை உயர்த்தின. காப்பதில் பாதி மருத்துவமனையின் பொறுப்பு. மீதிப் பாதி வீட்டின் பொறுப்பு. வீட்டுக்கு அது புரியும்படி சொல்லப்படவில்லையென்றால் அந்தப் பாதி நடக்காது.

நண்பர் மாத்திரையை நிறுத்தவில்லை. மருத்துவரும் அவர் கேட்டதற்குப் பொறுமையாக விளக்கமளித்தார். அவ்வாண்டுக் கொடைக்கு ஆச்சி மட்டும் போய்வந்தார். ஜூனில் மருத்துவர் ஒப்புதலோடு குழந்தை பள்ளிக்குச் சென்றாள். அம்மை பற்றிய செய்தி ஏதும் வந்தால் உடனே சொல்லும்படி ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டார்கள். ஆவணியில் மாத்திரை நின்றது, தடுப்பூசிகள் தொடங்கின.

இக்கட்டுரையின் முதற்படியை நண்பர் தம் தாயாருக்கு வாசித்துக் காட்டினாராம். அணுக்களின் பெயர்களெல்லாம் வரும்வரை ஆச்சி பேசாமல் இருந்திருக்கிறார். தைமஸ் வளரும் பகுதி முடிந்ததும், "பச்சை உடம்புன்னு சொல்லுங்க. அத முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்?" என்றாராம்.

பிள்ளை பெற்றவள் நோயாளியல்லள். ஆனாலும் அவளைக் காற்றுப்படாமல் காக்கிறோம். அந்நிலைக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. நோய் நீங்கிய, நலம் இன்னும் முற்றாத உடம்பு என்பதை ஆச்சி ஒரே சொல்லில் பிடித்துவிட்டார். நான் பத்துப் பக்கம் எழுதியிருந்தேன். ஒரு திருத்தம் மட்டும் சொல்லியனுப்பினேன்: இந்தப் பச்சை உடம்புக்கு நாற்பது நாள் போதாது, ஆறு மாதமாவது வேண்டும்.